‘சின்னப் பிள்ளைகளுக்குத்தானே!’

குழந்தை பராமரிப்புப் படிப்பில் ஒரு பெண் சேர்ந்தால் சொந்தபந்தம் சொல்வது ஒன்றுதான்: “சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, அ ஆ சொல்லிக்கொடுக்க என்ன பெரிய படிப்பு? பொறுமை இருந்தால் போதும்.” அந்தப் படிப்பை நடத்துகிறவர்களில் பலரும் இப்படியே நம்புவதுதான் கொடுமை. நான் பார்த்த பயிற்சி வகுப்புகளில் பொழுதெல்லாம் சார்ட் ஒட்டுவதிலும் அட்டைப் பொம்மை வெட்டுவதிலும் கரைந்தது.

‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, அடுத்து க, கடைசியில் துணைக்கால். வாயில் முதலில் வருவதோ க், அதன் பிறகே ஒ. கு, சு, து மூன்றையும் எழுதிப் பாருங்கள்: உகரம் ஒன்றுதான், வடிவம் மூன்று. கல், தங்கம், அகம் என்று சொல்லிப் பாருங்கள்: எழுத்து ஒன்றுதான், காதுக்கு மூன்று ஒலி. நாலு வயதுப் பிள்ளை இங்கெல்லாம் தடுக்கி விழுவது மந்தத்தால் அல்ல, கவனமாகப் பார்ப்பதால், கேட்பதால். இது தெரியாத ஆசிரியை எத்தனை நல்ல மனசுக்காரியானாலும் மூன்றாம் முறை எரிந்து விழுவாள். தெரிந்தவளால்தான் காத்திருக்க முடியும். பொறுமை, பொறுமை என்கிறார்களே, அந்தப் பொறுமைக்கே இந்த அறிவுதான் ஊற்று.

247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, ‘பல்’லின் கடைசியில் என்ன ஒலி கேட்கிறது என்றால் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பல், பால்; படம், பாடம் என்று காதைத் தீட்டும் விளையாட்டு சிலேட்டுக்கு முன்னால் வர வேண்டும். எப்போது, எந்த வரிசையில் என்பது கற்றுத்தான் வரும்.

கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவதும் அப்படியே. 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இரு பிரிவுப் பெற்றோரும் பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும், இடையில் கேள்வி கேட்டுப் பிள்ளையைப் பேசவைத்து, அது சொன்னதை நீட்டிச் சொல்லும் முறை கற்றுத்தரப்பட்டது. நான்கே வாரத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். பெற்ற தாய்க்கே பயிற்சி பலன் தருகிறதென்றால், இருபது பிள்ளைகளை ஒருசேர வைத்திருப்பவளுக்கு அது வேண்டாமா?

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. ஊர் இன்னும் அங்கன்வாடியைப் பால்வாடி என்கிறது. எடை போட்டாயிற்றா, சத்துமாவு வந்ததா என்று கேட்கிறது. அவையும் உயிரான கேள்விகள்தாம். பிள்ளையிடம் இன்று யார் புத்தகம் விரித்துப் பேசினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பயிற்சி முடிக்கும் மாணவியைச் சார்ட்டுக்கு மதிப்பெண் போட்டு அனுப்பாதீர்கள். ஒரு குழந்தையோடு, ஒரு கதைப் புத்தகத்தோடு கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். குழந்தை எத்தனை முறை வாய் திறந்தது என்று பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.