பச்சை விரிப்பும் வீட்டு நாயும்

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்கள் வாசலில் கொஞ்சம் பச்சை வேண்டுமென்று ஆசைப்படுவது இயற்கைதான். சிமெண்டுத் தரையில் புல் முளைக்காது. ஆகவே செயற்கைப் புல்லை விரிக்கிறார்கள். நாய் வளர்ப்பவர்கள் பணத்தைக் கொடுக்குமுன் சற்று யோசிக்க வேண்டும்.

நாயின் சிறுநீரை மண் உறிஞ்சிக்கொள்ளும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். பிளாஸ்டிக் புல்லுக்கு அந்த வித்தை தெரியாது. சிறுநீர் அடியில் தேங்கி, அம்மோனியா நெடியாகக் கூடத்துக்கே வந்துவிடும். விரிப்பின் அடிப்பாகத்தில் துளைகள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கால்வாய்ப் பக்கம் ஓடாமல் நின்றால், முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிவு வையுங்கள். மண் தரையானால் மேல்மண்ணை வெட்டியெடுத்து, உடைகல் பரப்பி இறுக்கிய பிறகே விரிக்க வேண்டும். எப்படிப் போட்டாலும் தினமும் கழுவியாக வேண்டும். விற்பவர் இதை அழுத்திச் சொல்வதில்லை!

நெடியைவிடக் கொடியது சூடு. நடுப்பகல் வெயிலில் இவ்விரிப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். தண்ணீர் தெளித்தாலும் சிறிது நேரத்தில் மறுபடி கொதிக்கும். நாயின் பாதத்துக்குச் செருப்பா இருக்கிறது? சங்கிலியில் கட்டிய நாய் நிழலுக்கு ஓடவும் முடியாதே! உங்கள் புறங்கையை 7 விநாடி அதன்மேல் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதனாலும் முடியாது.

என்னைக் கேட்டால், மண் உள்ள வீட்டில், பள்ளித் திடலில் வளர்கிறதே அந்த அகல இலைப் புல்லே போதும். சிமெண்டு வாசல்காரர்கள் விரிப்பை நிழல் விழும் பக்கம் மட்டும் போட்டு, கேட்டைச் சாத்திவிட்டு நாயை அவிழ்த்து விடுங்கள்.