ஏழு ஆட்டத்தில் ரசிகர் கிடைப்பாரா?

2026 பிப்ரவரி 14-ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்ததும் கால்பந்து ரசிகர்கள் நிம்மதியடைந்தார்கள். 2025 ஏப்ரலில் கொல்கத்தாவில் மோகன் பகான் கோப்பையைத் தூக்கிய இரவோடு நின்றுபோன லீக் அது. பத்து மாதம் பட்டினி கிடந்தவனுக்கு எதைப் போட்டாலும் அமிர்தம்தான். அந்தப் பசியை நம்பித்தான் இந்தச் சீசனின் வடிவத்தையே முடிவு செய்திருக்கிறார்கள் போலும்.

14 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்றொன்றோடு ஒரே ஒரு முறை மோதும். மொத்தம் 91 ஆட்டங்கள். சென்ற சீசனில் 13 அணிகள் இருந்தபோது ஒவ்வோர் அணிக்கும் 24 லீக் ஆட்டங்கள் கிடைத்தன. அவற்றில் 12 சொந்த மைதானத்தில். இப்போது மொத்தமே 13. சமமாகப் பங்கிட்டாலும் சொந்த ஊரில் ஆறோ ஏழோதான் தேறும்.

அணி ஒன்று கூடியது, ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இதையும் லீக் வளர்ச்சிக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

நேரம் இல்லை, வேறு வழி இல்லை என்கிறார்கள். நேரம் ஏன் இல்லாமல் போனது? இந்தியக் கால்பந்தின் வணிக உரிமையைக் கால்பந்துக் கூட்டமைப்பு 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்த ஒப்பந்தம் 2010-இல் கையெழுத்தானது. அது 2025 டிசம்பர் 8-ஆம் தேதி முடியும் என்பது கையெழுத்திட்ட அன்றே தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் கடைசி நேரத்தில்தான் டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7-இல் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. யாரும் வாங்க விரும்பாத நிபந்தனைகளை வைத்துவிட்டு, சந்தை சரியில்லை என்று சொன்னால் எப்படி? அதற்குள் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளையே நிறுத்தியது. டிசம்பரில், மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்களான சிட்டி ஃபுட்பால் குழுமம் மும்பை அணியில் வைத்திருந்த பங்கை விட்டுவிட்டு நடையைக் கட்டியது.

இவற்றையெல்லாம்கூட நிர்வாகக் குளறுபடி என்று தள்ளிவிடலாம். சொந்த மைதான ஆட்டங்களை வெட்டியதை அப்படித் தள்ள முடியாது. ஏனென்றால் புது ரசிகர் உருவாகிற இடமே அதுதான்.

சென்னை நேரு மைதானத்தையே எடுத்துக்கொள்வோம். கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவே ஓடுதளம் கிடக்கிறது. மறுகோடியில் விழும் கோல் யார் காலில் பட்டது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் இதைவிடத் தெளிவாகத் தெரியும். ஆனாலும் சென்னை ரசிகர் குழுக்களான பி ஸ்டாண்ட் ப்ளூஸும் சூப்பர் மச்சான்ஸும் தொண்டை கட்டும்வரை கத்துகிறார்கள் என்றால், அது ஒரே நாளில் வந்த பற்று இல்லை. முதல் முறை நண்பன் இழுத்து வந்திருப்பான். இரண்டாம் முறை அணி தோற்றிருக்கும். நாலாவது, ஐந்தாவது ஆட்டத்தில்தான் முரசுக்கு எப்போது கை தட்ட வேண்டும் என்பது பிடிபடும். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் காலில் பந்தோடு வளர்கிற பையன்களுக்கு அந்தக் கேலரியில் ஓர் இடம் பழக வேண்டுமானால், பள்ளி விடுமுறை பார்த்து, அப்பாவின் ஓய்வு நாள் பார்த்து, பரீட்சையில் படாமல் ஆட்டங்கள் வர வேண்டும். பன்னிரண்டில் நாலு தவறினாலும் எட்டு மிஞ்சும். ஏழில் நாலு தவறினால்? பாதி ஆட்டம் வார நாளில் விழுந்தால் அந்தக் குடும்பம் ஒரு முறை வந்து போவதே பெரிது.

இன்னொன்றையும் யோசித்தார்களா என்று தெரியவில்லை. ஒற்றைச் சுற்று என்றால், கேரளா பிளாஸ்டர்ஸோ பெங்களூருவோ சென்னைக்கு வந்தால் சென்னை அங்கே போகாது; அங்கே போனால் அவர்கள் இங்கே வரமாட்டார்கள். வசூலும் ஆரவாரமும் உச்சத்தைத் தொடும் தென்னிந்திய மோதல்களில் சரிபாதியை எழுதுகோலால் அடித்துவிட்டார்கள். சீசன் டிக்கெட் விற்கப்போகிறவர்கள் எதைச் சொல்லி விற்பார்கள்?

2014-இல் முதல் ஐஎஸ்எல்லின் சராசரிக் கூட்டம் 24 ஆயிரத்தைத் தாண்டியது. அன்று வந்து பார்த்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்பது மைதானத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். போனவர்களைத் திரும்பக் கூட்டிவரும் வேலை ஒருபுறம் கிடக்க, இருப்பவர்களுக்கும் கதவைப் பாதி சாத்துகிறார்கள். ஆசிய கிளப் போட்டிகளுக்குத் தகுதி பெற ஓர் அணி ஆண்டுக்குக் குறைந்தது 24 ஆட்டங்கள் ஆட வேண்டும் என்பது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி. 13 லீக் ஆட்டங்களோடு சூப்பர் கோப்பையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது.

சொந்த ஊரில் ஆட்டம் இல்லாத கதையை ரக்பியிலும் பார்த்தோம். 2025 ஜூனில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் இறுதியாட்டத்தில் டெல்லியை 41-0 என்று துவைத்துப் போட்டது. சென்னைக்காரர்கள் அந்த அணியைத் தங்கள் ஊரில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஆறு அணிகளும் மும்பை அந்தேரியிலேயே ஆடி முடித்தன. புதிதாகப் பிறந்த ஆட்டம், முதல் ஆண்டு, செலவு பயம் என்று அதை மன்னிக்கலாம். பதினோரு வயது முடிந்த ஐஎஸ்எல் அந்தத் திசையில் நடக்கலாமா?

கோவைக்காரர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கக்கூடும். 2019 மார்ச் 9-ஆம் தேதி கோவை நேரு மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, கோவையில் ஆடிவந்த சென்னை சிட்டி அணி ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. பரிசு என்ன? மேல் லீக்குக்குப் போக வழியே இல்லை. அதே ஆண்டில் ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் நிலை லீக் என்று அறிவித்து, ஐ-லீக்கைக் கீழே தள்ளினார்கள். சில ஆண்டுகளில் அந்த அணி தேசிய லீக்கிலேயே இல்லாமல் போனது. கோவையில் திரண்ட புது ரசிகர்களிடம் யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னார்களா?

நிர்வாகக் குளறுபடியும் புதிதல்ல. 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவுக்குத் தடை போட்டது. கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்காலம் முடிந்தும் நாற்காலியை விடாததில் தொடங்கிய சிக்கல் அது. ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட்வரை போய் இறங்கிய கோகுலம் கேரளா பெண்கள் அணி, பந்தைத் தொடாமலே திரும்பியது. தடை இரண்டு வாரத்துக்குள் நீங்கியது. அந்தப் பெண்களின் போட்டி போனது போனதுதான். 2025 ஏப்ரலில் ஐ-லீக் கோப்பையைச் சர்ச்சில் பிரதர்ஸிடம் கொடுத்தார்கள். ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டுத் தீர்ப்பாயம், சாம்பியன் இன்டர் காசி என்றது. தன் லீக்கில் யார் ஜெயித்தது என்பதையே வெளிநாட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிர்வாகம் இது. நாற்காலியில் ஆள் மாறுகிறார், பழக்கம் மாறவில்லை. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றபோது ஆட்டக்காரர்களை மட்டும் திட்டியவர்கள், அவர்கள் பல மாதம் லீக் ஆடாமல் இருந்ததை வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஜப்பானின் ஜே லீக் 1993-இல் 10 அணிகளோடு தொடங்கியது. இன்று மூன்று பிரிவுகளில் 60. கிளப் என்றால் அதற்கு ஓர் ஊர் இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரை அது சுமக்கக் கூடாது என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். இங்கே ஊரும் இருக்கிறது, கூட்டமும் வரத் தயார், ஆட்டம்தான் இல்லை.

அடுத்த சீசனிலாவது சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்ற முறை திரும்ப வேண்டும். அட்டவணை வெகுமுன்பே வர வேண்டும். அதை எழுதும் மேசையில் கேலரியில் உட்காருகிறவர்களுக்கும் ஏதாவது ஒரு வகையில் இடம் வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், 15 ஆண்டுகள் அவகாசம் இருந்தவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும்.