ஒரு காணிக்கு எத்தனை அமர்வு?

தேஜ் பான் வழக்கு கடைசியில் பெரிய அமர்வுக்குப் போயிற்று. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு பற்றி முந்தைய தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, அதனால் கூடுதல் நீதிபதிகள் உட்கார்ந்து தீர்க்கட்டும் என்று 2024 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு கைகழுவிவிட்டது. முரண் இருப்பது உண்மைதான். அதை உண்டாக்கியது யாராம்?

"என் மனைவி ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை, அவள் காலத்துக்குப் பிறகு இன்னார் சர்வ சுதந்திரமாய் அடைந்துகொள்ள வேண்டியது." பழைய உயில்களில் இந்த வாசகத்துக்குப் பஞ்சமில்லை. பெண்ணின் கையில் உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்கிறது 14(1). உயிலோ செட்டில்மெண்டோ குறைந்த உரிமைதான் கொடுத்தது என்றால் அங்கே 14(1) செல்லாது என்கிறது 14(2). இடையில் மாட்டிக்கொண்டவள் விதவை.

பிச்சாவரத்தை ஒட்டி ஒரு காணி நஞ்சை அப்படி ஒருத்திக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயது எழுபது, முழங்கால் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். வாங்க வருபவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், உயிலைப் படித்த வக்கீல் உதட்டைப் பிதுக்குவார், அத்தோடு சரி. வங்கியும் கடன் தராது. தனக்குப் பிறகு தன் கையை விட்டுப் போகும் நிலத்துக்கு அவள் எதற்குச் செலவு செய்ய வேண்டும்? பின்னால் வரப்போகும் கொழுந்தன் பிள்ளைகளோ, அவள் உயிரோடு இருக்கும்வரை வாய்க்காலைக்கூடத் தூர் வார மாட்டார்கள். இறால் குட்டைக்குக் குத்தகை கேட்டு ஒருவர் வந்தால் அன்றைக்குத்தான் அவர்களுக்கு நிலத்தின் மேல் பாசம் பொங்கும். உப்பேறிவிடும் என்று தடையுத்தரவு கேட்டுச் சிதம்பரம் கோர்ட்டுக்கு ஓடுவார்கள். உப்பேறும் என்பது நிஜம், அவர்கள் கவலையும் பொய்யில்லை. ஆனால் அவள் முழு உரிமையாளர் என்றால் அவர்களுக்கு அங்கே பேச்சே இல்லை. எது சரி என்று எந்த முன்சீப் துணிந்து சொல்வார்?

இதற்கு 1977-லேயே பதில் கிடைத்துவிட்டது. துளசம்மா வழக்கில், ஜீவனாம்சத்துக்கு ஈடாக விதவைக்குக் கொடுத்தது அவளுக்கு ஏற்கெனவே இருந்த உரிமையை ஒப்புக்கொண்டதே தவிர புதிதாகக் கொடுத்த தானமல்ல, ஆகவே அது முழுச் சொத்தாகிவிடும் என்றார்கள் மூன்று நீதிபதிகள். கணவன் தன் மனைவிக்கு எழுதிய உயிலையும் அப்படிப் பார்ப்பதே நியாயம் என்பது நம் நிலைப்பாடு. நாற்று நட்டு, களை பறித்து, பிள்ளை பெற்ற வீட்டில் அவள் விருந்தாளியா?

ஆனால் 1971-இல் வேறு மூவர், கர்மி வழக்கில், உயில் சொன்ன ஆயுள் உரிமைக்கு மேல் கிடையாது என்றிருந்தார்கள். 2006-இல் சாது சிங், 2022-இல் ஜோகி ராம்: மறுபடியும் உயிலின் வாசகமே பெரிது. இரண்டு பக்கமும் தீர்ப்பு எழுதியவர்கள் இப்போது முரணைக் கண்டு திகைக்கிறார்களாம்!

இது முதல் தடவையும் அல்ல. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கு தந்த இதே சட்டத்தின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல் அமலுக்கு வந்தது. அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-இல் ஒரு தீர்ப்பு. 2001-இலேயே தகப்பனை இழந்த மகள்களுக்கும் பங்கு உண்டு என்று 2018-இல் இன்னொன்று. தகப்பன் இருந்திருக்கத் தேவையே இல்லை என்று 2020-இல் மூவர் அமர்வு முடித்துவைத்தது. பதினைந்து ஆண்டு! அதற்குள் பங்கு கிடைக்காமலே செத்த மகள்களுக்கு அந்த மேன்மக்கள் என்ன கணக்கு சொல்வார்கள்?

14-ஆவது பிரிவின் வாசகம் வழக்காடிகளுக்குக் குழப்பம், வக்கீல்களுக்குச் சொர்க்கம் என்று நீதிபதி பகவதி துளசம்மா தீர்ப்பிலேயே நொந்துகொண்டு, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்றார். 2005-இல் சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பிரிவு மட்டும் கண்ணில் படவில்லை.

நாடாளுமன்றமோ உச்ச நீதிமன்றமோ, யாராவது ஒருவர் இதற்கு முடிவு கட்டியாக வேண்டும், அதுவும் சீக்கிரம். அதற்கு முன்பாக, பெரிய அமர்வைக் காரணம் காட்டிக் கீழ்க்கோர்ட்டுகள் வாய்தா போட வேண்டாம். துளசம்மா தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. அதை வைத்தே வழக்குகளை நடத்தட்டும்.