குடும்ப நலம்: கோணிய பெருவிரலும் இரவுச் சிம்பும்

சென்ற திங்களில் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த தாய்மார் சிலர், இன்னும் சற்றுக் கீழிறங்கிப் பாதத்தையும் கவனிக்குமாறு கேட்டுள்ளனர். கால் பெருவிரலின் அடியில், பாதத்தின் உட்புறமாகப் புடைத்து நிற்கும் எலும்பும் அதனால் உண்டாகும் வலியுமே அவர்கள் குறிப்பிடுவது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் இடம்பெறத் திருச்சபை 2016ஆம் ஆண்டில் இசைவளித்தது. ஆயினும் கோணிய விரலைக் கோவிலில் எல்லாரும் காண்பரே என நாணி ஒதுங்குவோர் உளர். வலியோடு வெட்கமும் சேர்ந்துகொள்வதால், இத்துன்பம் மருத்துவரிடம் போய்ச் சேர ஆண்டுகள் பல ஆகிவிடுகின்றன.

ஆங்கில மருத்துவர் இதனைப் ‘பன்யன்’ என்பர். உடலில் அணியும் பனியனுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை! புடைப்பைக் கண்டவர்கள் அங்கே புதிதாக ஓர் எலும்பு வளர்ந்துவிட்டதென எண்ணி அஞ்சுகின்றனர். உண்மை வேறு. பாதத்தின் நீண்ட எலும்புகளுள் முதலாவது மெல்ல மெல்ல உட்பக்கம் சாய்கிறது. அதன் முனையிலுள்ள பெருவிரலோ எதிர்ப்பக்கமாக, இரண்டாம் விரலை நோக்கிச் சரிகிறது. இரண்டும் கூடும் மூட்டே வெளியே புடைத்துத் தெரிகிறது. இக்கோணல் 15 பாகைக்கு மேற்பட்டால் நோயென்றும், 40 பாகையைத் தாண்டினால் கடுமையானதென்றும் மருத்துவர் கணிப்பர். செருப்பின் வார் அவ்விடத்தில் ஓயாது உராய்வதால் தோல் சிவந்து தடித்து வலி எடுக்கிறது.

தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவது இதில் மிகுதி. ஆண்களை விடப் பெண்களையே பெரிதும் வாட்டுகிறது. பரம்பரையோடு பாதணியும் கூட்டுச் சேர்கிறது. ஹாங்காங்கில் சீன மக்களின் பாதங்களை ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட முடிவின்படி, பாதணி அணிந்தோருள் நூற்றுக்கு 33 பேருக்கு இக்கோணல் இருந்தது. வெறுங்காலுடன் வாழ்ந்தோருள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவே.

திருச்சபை வரலாற்றிலும் இதற்கு ஒரு சுவையான பக்கம் உண்டு. 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் கூர்நுனிப் பாதணி அணியலாகாது என விதித்தது. அவ்விதியை எவ்வளவு பேர் கைக்கொண்டனர் என்பதற்கு எலும்புகளே சாட்சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இடைக்காலக் கல்லறைகளிலிருந்து கிடைத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் தம் முடிவுகளை 2021இல் வெளியிட்டனர். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோருள் நூற்றுக்கு 6 பேருக்கே கோணல் இருந்தது. கூர்நுனிப் பாதணி நாகரிகமாக விளங்கிய 14, 15ஆம் நூற்றாண்டுகளிலோ அது 27 ஆயிற்று. நாட்டுப்புறக் கல்லறையில் நூற்றுக்கு மூவருக்கே காணப்பட்ட இக்குறை, அகுஸ்தினார் துறவு மடத்துக் கல்லறையில் 43 பேருக்கு! இடைக்கச்சையின் கொளுவியைக் கொண்டு துறவிகளென அடையாளம் காணப்பட்ட 11 பேரில் ஐவர் இதற்கு ஆளானவர்கள். கோணிய விரல் உடையோரிடம், விழுந்ததனால் உண்டாகும் எலும்பு முறிவுகளும் மிகுதியாகக் காணப்பட்டன. வீட்டில் முதியோரை வைத்திருப்போர் இதை மனத்திற் கொள்ளவேண்டும்.

இனிச் சிம்புக்கு வருவோம். எலும்பு முறிந்தால் மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டுவது நம்மவர் அறிந்ததே. இரவுச் சிம்பும் அவ்வகையினதே. பாதத்தின் உட்பக்கத்தில் வன்மையான ஒரு பட்டை பொருந்தும். ஒரு வார் பாதத்தைச் சுற்றும், மற்றொன்று பெருவிரலைப் பற்றி இரண்டாம் விரலினின்று விலக்கி நேராக நிறுத்தும். பகலெல்லாம் நெருக்குண்ட மூட்டுக்கு இரவில் ஓய்வு கிடைப்பதால், சிலருக்குக் காலை வலி தணிகிறது.

அவ்வளவே. ‘சில வாரங்களில் விரல் நேராகும்’ என்னும் விளம்பரத்தை நம்பிப் பணம் செலவிடுவோர்க்கு நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது: வளர்ந்து முற்றிய பாதத்தின் கோணலைச் சிம்பு நிலையாக நிமிர்த்துவதாக மெய்ப்பிக்கப்படவில்லை. கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கியதும் விரல் பழைய இடத்திற்கே திரும்பும். வலி தணிவதற்காக வாங்குவதாயின் வாங்கலாம். இரண்டு மூன்று மாதம் அணிந்தும் குணம் தெரியாவிடில், அதைத் தூக்கிப் போடத் தயங்க வேண்டாம்.

முதல் இரவே விடியும்வரை கட்டிக்கொள்ளாமல், ஒரு மணி, இரண்டு மணி எனப் பழக்குங்கள். விரல் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்துங்கள். காலையில் தோலைப் பாருங்கள். சிவப்பு விரைவில் மறையாவிடில் கட்டு இறுக்கம் என்று பொருள். வன்மையான சிம்புடன் எழுந்து நடக்கலாகாது. இரவில் அடிக்கடி எழவேண்டிய முதியோர்க்கு இது தகாது. இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதை விட விரல் கோணியிருப்பதே மேல்.

நீரிழிவு உள்ளவர்களிடம் ஒரு கண்டிப்பு. உணர்ச்சி குறைந்த காலில் வார் அறுத்துப் புண்ணானாலும் தெரியாது. அப்புண் முற்றினால் விரலையே இழக்க நேரிடும். ஆதலால் மருத்துவர் காலைச் சோதித்து இசைவளிக்காமல் சிம்பைத் தொடவே வேண்டாம். அடுத்தது, ஓரிரவில் திடீரென மூட்டு சிவந்து, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாதபடி வலித்தால், அது பெரும்பாலும் வாதரத்தம் எனும் வேறு நோய். அதற்கு மருந்து உண்டு, சிம்பு உதவாது.

வலி நடையையே தடுக்கும்போது அறுவைச் சிகிச்சையை எண்ணலாம். பின்லாந்தில் 209 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், காலணியினுள் வைக்கும் தாங்கணைகள் ஆறு மாதம் வரை வலியைக் குறைத்தன. ஓராண்டு முடிவில் அறுவையே மேலாக நின்றது. அழகிற்காக மட்டும் அதை நாடுவது நமக்கு உடன்பாடன்று.

எல்லாவற்றிற்கும் முன் செய்யத்தக்கது செலவற்றது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஒரு தாளின்மேல் நின்று, பாதத்தைச் சுற்றிக் கோடிடுங்கள். அன்றாடம் அணியும் செருப்பை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால், அச்செருப்பு உங்களுக்கு உரியதன்று. பள்ளி திறக்குமுன் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கப் போகும்போதும் அவர்கள் பாதம் வரைந்த தாளைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.