எழுத்தில்லாத பாட்டில்

போகிக்கு முந்தின நாள். எங்கள் பகுதியில் போர் தண்ணீர். குளியலறைத் தரையில் உப்புக்கறை வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா ப்ளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கறை அசையவில்லை. அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டார்.

அடுப்படியில் இருந்த எனக்கு நெடிதான் முதலில் எட்டியது. 26 ஆண்டுகள் வேதியியல் ஆசிரியையாக ஆய்வகத்தில் பழகிய நெடி. குளோரின். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. "டீச்சரம்மா, நெஞ்சு எரியுது" என்று சொல்வதற்குள் மூன்று முறை இருமினார்.

ப்ளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வெளியேறும். இந்தச் சமன்பாட்டை எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். என் வீட்டுக் குளியலறையைக் கழுவுகிறவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் குற்றவுணர்வில்தான் இதை எழுதுகிறேன்.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அது பதுங்குகுழிகளுக்குள் இறங்கித் தங்கியது. நம் குளியலறையிலும் அப்படித்தான் தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. கூரையை ஒட்டி ஒரு சாண் வென்டிலேட்டர் இருந்து என்ன பயன்? மூச்சில் போகும் குளோரின், மூச்சுக்குழாயின் ஈரத்தோடு சேர்ந்து அங்கேயே அமிலமாகிறது. எரிச்சலும் இருமலும் உடனே வரும். நுரையீரலில் நீர் கோப்பதோ சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம். அதனால்தான் "இப்போ பரவாயில்லை" என்று வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது.

பக்கத்து வீட்டம்மா பால் கொண்டுவந்தார். நல்ல மனசுதான், ஆனால் நுரையீரலில் போனதைப் பால் கழுவாது. ஆளை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். கண் எரிந்தால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனை. அக்கா இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த இரண்டு நாள் கூலியை என்னால் கொடுத்துவிட முடிந்தது. குளிர்காற்று பட்டால் இன்றும் வருகிற இருமலுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திரும்பி வந்ததும் அந்த ஆசிட் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். குடிதண்ணீர் பாட்டில். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது, ஓர் எழுத்துகூட இல்லை. தெருவில் வண்டியில் வந்து பினாயிலோடு விற்கிறார்கள், நாமும் வாங்கி வைக்கிறோம். தாகத்தோடு ஓடிவரும் குழந்தை அதைத் தண்ணீர் என்றுதானே நினைக்கும்? ஆசிட் வீச்சு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும் என்றது. எங்கள் தெருவில் அப்படி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கம்பெனி கழிப்பறைத் திரவங்களிலும் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. அவற்றில் எச்சரிக்கை உண்டு; கண்ணாடி போட்டாலும் எனக்குச் சிரமமாக இருக்கும் அளவுப் பொடி எழுத்தில்.

பீரோவில் போடும் பாச்சா உருண்டையும் இப்படித்தான் எழுத்தில்லாத பொட்டலத்தில் வருகிறது. நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றினால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சைக் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். இதைப் பிள்ளை பெற்ற வீடுகளில் யார் சொல்கிறார்கள்?

அரசிடம் நான் கேட்பது பெரிதல்ல. இந்தப் பொருட்களை லேபிள் இல்லாமல் விற்கக் கூடாது. "இதோடு வேறெதையும் கலக்காதே" என்ற வரி, பாட்டிலின் முன்பக்கத்தில், தமிழில், கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு படமும் வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். நாளைக் காலை உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவிடம், துடைப்பத்தை எடுக்கும் முன்பே, இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.