சைக்கிளில் விழுந்த பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

பெற்றோர், ஆசிரியர், சைக்கிள் கடைக்காரர் எல்லோருக்கும் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் விடுக்கும் வேண்டுகோள் இது.

பிள்ளை விழுந்ததும் முட்டியைப் பார்க்கிறோம், தலையைத் தடவுகிறோம். வயிற்றைப் பார்ப்பதில்லை. மெதுவாகப் போய் விழுந்தாலும் முன்சக்கரம் மடங்கும்போது ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்திவிடும். வெளியே தெரிவது காசளவு வட்டமாகக் கன்றிய தடம், சிலருக்கு அதுவும் இருக்காது. உள்ளே கணையம் முதுகெலும்போடு நசுங்கியிருக்கலாம், குடல் கிழிந்திருக்கலாம், மண்ணீரலிலோ கல்லீரலிலோ ரத்தம் கசியலாம்.

விழுந்த அன்று பிள்ளை ஓடியாடும். கணையக் காயமும் முன்சிறுகுடலில் கட்டும் ரத்தமும் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், தொட்டால் வலி, முகம் வெளிறுதல், சிறுநீரில் ரத்தம், அடியே படாத இடது தோளில் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். குடலேற்றம் என்று எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். கசிகிற மண்ணீரல் அதிலேயே பிளந்துவிடலாம். மருத்துவர் பார்க்கும்வரை சோடா, காபி எதுவும் வேண்டாம்.

கத்தி வைத்துவிடுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. மண்ணீரல் கிழிந்தாலே எடுத்துவிடுவது ஒரு காலத்து வழக்கம். 1968-இல் டொராண்டோவிலிருந்து உபாத்யாயா, சிம்ப்சன் என்ற இருவர் எழுதிய கட்டுரை அந்த வழக்கத்தை அசைத்தது. இன்று நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிலையாக இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மண்ணீரல், கல்லீரல் காயம் படுக்கை ஓய்விலும் கண்காணிப்பிலுமே ஆறிவிடுகிறது. குடல் ஓட்டைக்கு அறுவை சிகிச்சை தேவை. அதைச் சீக்கிரம் செய்தால் பிள்ளை சீக்கிரம் தேறும்.

முதல் ஸ்கேன் 'நார்மல்' என்றவுடன் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். குடல், கணையக் காயங்கள் தொடக்கத்தில் ஸ்கேனுக்குத் தப்பும். அதனால்தான் மறுபடி மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம், ரத்தம் எடுக்கிறோம்.

பிள்ளைகள் மறைப்பார்கள். அப்பாவின் பெரிய சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக் குரங்கு பெடல் போட்டது தெரிந்தால் அடி விழுமே! திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டு, எது எங்கே குத்தியது என்று கேளுங்கள். அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

சைக்கிள் கடைக்காரர்களே, பஞ்சர் ஒட்ட வரும் பிள்ளையின் சைக்கிளில் ரப்பர் பிடி கிழிந்து இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், புதுப் பிடி மாட்டாமல் அனுப்பாதீர்கள்.