பங்க் போர்டுல இன்னொரு வரி வேணும்

ரெண்டு மூணு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கமே வரமுடியல. இன்னிக்கு கொஞ்சம் வாகன மேட்டர். கார் இல்லாதவங்களும் படிக்கலாம், பைக்குக்கும் இதே கதைதான்.

2025 ஜூன் 26 ராத்திரி மத்தியப் பிரதேசம் ரத்லம் பக்கத்துல ஒரு சம்பவம் நடந்துச்சு. மறுநாள் முதலமைச்சர் வருகைக்காகத் தயாரா இருந்த கான்வாய் வண்டிங்க ஒரு பங்க்ல டீசல் போட்டுட்டுக் கிளம்புச்சு. கொஞ்ச தூரத்துலயே ஒவ்வொண்ணா நின்னு போச்சு. மொத்தம் 19 வண்டி! டேங்க்கைத் திறந்து பார்த்தா டீசலோட தண்ணி. மழைத்தண்ணி கசிஞ்சிருக்கும்னு காரணம் சொன்னாங்க. பங்க்குக்கு சீல் வெச்சு, இந்தூர்ல இருந்து மாத்து வண்டி வரவழைச்சாங்க.

சரி, அதே பங்க்ல நீங்களோ நானோ தனியா ஒரு வண்டிக்குப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? "சார், உங்க வண்டியில ஏதோ ப்ராப்ளம், மெக்கானிக்கைப் பாருங்க" அப்படின்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க. 19 வண்டி ஒரே நேரத்துல நின்னதாலதான் அது சாட்சியாச்சு. தனி ஆளு ஒருத்தரோட வண்டி நின்னா அது வெறும் புகார். இந்த வித்தியாசத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

நான் பொட்டி தட்டுறவன். எங்க வேலையில ஒரு சர்வர் படுத்துடுச்சுன்னா முதல்ல கேக்குற கேள்வி "லாக் எங்கே?"ன்றதுதான். லாக் இல்லாம யார் மேலயும் பழி போட முடியாது, யாரும் தப்பிக்கவும் முடியாது. பங்க் விஷயத்துல லாக் இருக்கு. ஆனா அது நம்ம கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கு. அதுதான் என் கோபம்.

முதல்ல கொஞ்சம் விஞ்ஞானம். போரடிக்காம சொல்லப் பாக்குறேன்.

தண்ணி பெட்ரோலை விட கனம். டேங்க்ல எந்த வழியா நுழைஞ்சாலும் அடியில போய் உக்காந்துக்கும். நம்ம வண்டியில எரிபொருளை உறிஞ்சுற பம்ப் எங்க இருக்கு? அதுவும் அடியிலதான். அதனால 40 லிட்டர்ல அரை லிட்டர் தண்ணி இருந்தாலும் எஞ்சினுக்கு முதல்ல போய்ச் சேர்றது அந்த அரை லிட்டர்தான். "கொஞ்சம்தானே கலந்திருக்கு, ஓட்டிக் காலி பண்ணிடலாம்"ன்ற கணக்கு இங்க செல்லாது.

இப்போ இதுல எத்தனால் சேர்ந்திருக்கு. இந்தியாவுல 2022ல 10 சதவீதக் கலப்பை எட்டினாங்க, 2023 பிப்ரவரியில இ20 அறிமுகம் ஆச்சு, 2025ல நாடு முழுக்க 20 சதவீதம்னு ஆயிடுச்சு. எத்தனாலுக்குத் தண்ணின்னா ரொம்ப பாசம். கொஞ்சமா இருந்தா அதைத் தனக்குள்ளயே கரைச்சு வெச்சுக்கும், வண்டி பாட்டுக்கு ஓடும். ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. 10 சதவீத எத்தனால் இருக்குற பெட்ரோல், சுமார் 15 டிகிரி வெப்பத்துல 0.5 சதவீதம் வரைக்கும் தண்ணியைத் தாங்கும். 40 லிட்டருக்கு 200 மில்லி, அதாவது நம்ம வீட்டு டம்ளர்ல ஒண்ணு. இ20 இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். எல்லையைத் தாண்டினா என்ன ஆகும்னா, எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுட்டு தண்ணியோட கூட்டணி வெச்சு ரெண்டுமா கீழ இறங்கிடும். நம்ம ஊர் கூட்டணி மாதிரியேதான் :-)

இதுல ரெண்டு விளைவு. கீழ இருக்குறது சரியா எரியாது. மேல மிஞ்சின பெட்ரோல்ல எத்தனால் குறைஞ்சதால ஆக்டேனும் குறைஞ்சிடும். இதுக்கு மேல நல்ல பெட்ரோல் ஊத்தி சரி பண்ண நினைக்கறது, திரிஞ்ச பால்ல நல்ல பாலை ஊத்துற மாதிரி. மொத்தத்தையும் வெளிய எடுக்கறது தவிர உருப்படியான வழி இல்லை.

இந்த எத்தனாலை வெச்சு ரெண்டு பக்கமும் கதை விடுறாங்க. அதையும் சொல்லிடறேன்.

முதல் கதை பங்க் பக்கம்: "எத்தனால் காத்துல இருந்து ஈரத்தை உறிஞ்சிடுச்சு சார், நாங்க என்ன பண்றது?" உறிஞ்சும், உண்மை. ஆனா அது ரொம்ப மெதுவா நடக்குற விஷயம். நேத்து போட்ட டேங்க்ல இன்னிக்கு ரெண்டு லிட்டர் தண்ணி இருக்குன்னா அது காத்துல இருந்து வந்தது இல்லை. பங்க்கோட பூமிக்கடி டேங்க்ல மழைத்தண்ணி இறங்கியிருக்கணும், இல்லேன்னா டேங்கர்லயே வந்திருக்கணும்.

ரெண்டாவது கதை நம்ம பக்கம்: பெட்ரோலை பாட்டில்ல புடிச்சு, அதுல தண்ணி ஊத்திக் குலுக்கி, "பாருங்க, அடியில எவ்ளோ தண்ணி!"ன்னு வீடியோ போடுறது. அய்யா, அது எத்தனால் எவ்வளவு இருக்குன்னு பாக்குற சோதனை! நல்ல இ20 பெட்ரோல் 100 மில்லியில 10 மில்லி தண்ணி ஊத்திக் குலுக்கினா, அடி அடுக்கு கிட்டத்தட்ட 30 மில்லியா வளர்ந்து நிக்கும். அந்த வீடியோவை எடுத்துட்டு கோர்ட்டுக்குப் போனா எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். சரியான வழி என்னன்னா எதையும் ஊத்தாம சாம்பிளை அப்படியே கண்ணாடி பாட்டில்ல விட்டுப் பாக்கறது. ஒரே அடுக்கா, தெளிவா இருந்தா தண்ணி பிரிஞ்சு நிக்கலைன்னு அர்த்தம். கலங்கலா இருந்தாலோ ரெண்டு அடுக்கா நின்னாலோ சந்தேகப்படலாம்.

டீசல் வண்டி வெச்சிருக்குறவங்களுக்கு இன்னும் பெரிய ஆப்பு. காமன் ரயில் எஞ்சின்ல பம்ப் 1500 பாருக்கும் மேல அழுத்தம் கொடுக்குது. அந்த பம்ப்புக்கு உராய்வு எண்ணெய் வேற எதுவும் இல்லை, டீசலேதான். டீசலுக்குப் பதிலா தண்ணி போனா உலோகத்தோட உலோகம் உரசி, பொடி கிளம்பி, அது நேரா இஞ்செக்டர்ல போய் அடைக்கும். டேங்க் கழுவுற செலவோட முடிய வேண்டியது பம்ப், இஞ்செக்டர்னு போயிடும். ஃபில்டர்ல தண்ணி தேங்குறதைக் காட்ட நிறைய டீசல் கார்ல டேஷ்போர்டுல ஒரு விளக்கு உண்டு. அது எரிஞ்சா "ஊருக்குப் போய் பாத்துக்கலாம்"னு ஓட்டாதீங்க.

போட்ட கொஞ்ச நேரத்துல வண்டி இழுத்து இழுத்துப் போகுது, இல்லை நின்னுடுச்சா? ஓரங்கட்டுங்க, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீங்க. பெரும்பாலான இன்றைய கார்கள்ல ஸ்டார்ட் பண்ணாம சும்மா சாவியை ஆன் பண்ணினாலே பம்ப் ரெண்டு செகண்ட் ஓடும், அடியில இருக்குறதை லைனுக்குள்ள தள்ளும். டோ பண்ணித்தான் கொண்டு போகணும். டேங்க்கை முழுசா வடிச்சு, லைனைக் கழுவி, ஃபில்டரை மாத்தி, புதுசா கொஞ்சம் எரிபொருள் ஊத்தி ஓட்டிப் பார்த்துட்டு, அப்புறமும் திணறினாத்தான் இஞ்செக்டரைத் தொடணும். எடுத்த எடுப்புல இஞ்செக்டர் செட்டையே மாத்தணும்னு சொல்ற ஒர்க்‌ஷாப்ல காரணம் கேளுங்க.

வடிக்கும்போது முக்கியமான வேலை சாம்பிள் எடுக்கறது. என் டீம்ல ஒருத்தர் கார் இப்படித்தான் நின்னுச்சு. ஒர்க்‌ஷாப்ல வடிச்சதை டிரம்ல ஊத்திட்டாங்க. பங்க்ல போய்க் கேட்டா "எங்க பெட்ரோல்தான்னு என்ன ப்ரூஃப்?"ன்னு ஒரே கேள்வி. பில்லும் இல்லை, சாம்பிளும் இல்லை. வாரண்டியில கெட்ட எரிபொருளால வந்த பழுதுக்கு இடமில்லைன்னு கம்பெனி சொல்லிடுச்சு. சாதாரண இன்சூரன்ஸ்ல மெக்கானிக்கல் பிரேக்டவுன் கவர் ஆகாது. ஆக மொத்தம் அவர் பர்ஸ்தான் கவர் பண்ணுச்சு.

இங்கதான் என் கேள்வி. நிரூபிக்கிற வேலை ஏன் முழுக்க நம்ம தலையில?

பங்க்ல இப்பவே என்னென்ன கேக்கலாம்னு பாருங்க. ஃபில்டர் பேப்பர் கேக்கலாம். நாசில் நுனியைத் துடைச்சுட்டு ஒரு சொட்டு விட்டா ரெண்டு நிமிஷத்துல கறை இல்லாம ஆவியாகணும். 5 லிட்டர் அளவுப் பாத்திரத்துல அளந்து காட்டச் சொல்லலாம், 25 மில்லி வரைக்கும்தான் வித்தியாசம் இருக்கலாம். டென்சிட்டி எழுதி வெச்சிருப்பாங்க, லோடு வந்தப்போ இருந்த அளவுக்கும் இதுக்கும் 3 புள்ளிக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. இதெல்லாம் பெரும்பாலும் மண்ணெண்ணெய் கலப்படக் காலத்துக் கவலைகளுக்கான காவல். அந்தக் கலப்படத்தை எதிர்த்து பங்க்குக்கு சீல் வெச்ச இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பர்ல உத்தரப்பிரதேசத்துல சுட்டுக் கொல்லப்பட்டார். 27 வயசு, கிட்டத்தட்ட என் வயசு. இந்தச் சோதனைகளைக் கேக்கக் கூச்சப்படுறப்போ அவரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

ஆனா தண்ணிக்கு இந்தச் சோதனைங்க போதாது. தண்ணியை அளக்குற விவரம் வேற இடத்துல இருக்கு. டிப் ராடுல தண்ணி கண்டுபிடிக்கிற பேஸ்ட்டைத் தடவி டேங்க்ல விட்டுப் பாக்குற வழக்கம் பங்க்ல இருக்கு. தானியங்கிப் பங்க்கா இருந்தா டேங்க்குக்குள்ள ஒரு கருவி எரிபொருள் மட்டத்தையும் தண்ணி மட்டத்தையும் தனித்தனியா அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிட்டே இருக்கு. எத்தனால் கலந்த அடி அடுக்கு சுத்தத் தண்ணியை விட லேசு, அதனால பழைய மிதவை அதைச் சரியாக் காட்டாமப் போகலாம். அதுக்குன்னே தனி மிதவையும் தனி பேஸ்ட்டும் வந்திருக்கு. ஆக அளக்க முடியும், அளக்கவும் செய்றாங்க. நம்மகிட்ட மட்டும் காட்டறதில்லை.

என் கோரிக்கை சிம்பிள். டென்சிட்டி எழுதுற இடத்துல இன்னும் ஒரே ஒரு வரி: "இன்று டேங்க்கில் தண்ணீர் அளவு, பார்த்த நேரம்". கம்ப்யூட்டர்ல இருக்குற பங்க்னா நம்ம பில்லுலயே அச்சடிச்சுடலாம். நேர்மையான பங்க்காரருக்கும் இது பாதுகாப்பு. எங்கயோ வண்டியைக் கெடுத்துட்டு இவர்கிட்ட வந்து சண்டை போடுறவனுக்கு அந்த ஒரு வரியே பதில்.

"தரச்சோதனையில பாஸ்"ன்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பினா போதுமான்னு கேட்டா, 2007ல தென்கிழக்கு இங்கிலாந்துல நடந்ததைச் சொல்லுவேன். சூப்பர்மார்க்கெட் பங்க்குகள்ல பெட்ரோல் போட்ட ஏகப்பட்ட கார்ல ஆக்சிஜன் சென்சார் பழுதாகி இழுவை போச்சு. முதல்ல சோதிச்சப்போ பெட்ரோல் தரமாத்தான் இருக்குன்னு வந்துச்சு. ஏன்னா சிலிக்கான் இருக்கான்னு வழக்கமான சோதனையில பாக்கறதே இல்லை. புகார் குவியக் குவிய, மறுபடி தேடினாங்க, சிலிக்கான் சிக்குச்சு, பெட்ரோலைத் திரும்ப எடுத்து நஷ்டஈடும் கொடுத்தாங்க. ஒவ்வொருத்தரும் "நம்ம வண்டி ராசி அப்படி"ன்னு வாயை மூடிட்டு இருந்திருந்தா கடைசி வரைக்கும் வெளிய வந்திருக்காது.

அதனால போர்டுல அந்த வரி வர்ற வரைக்கும் நம்ம லாகை நாமளே எழுதணும். ஒவ்வொரு தடவையும் பில் வாங்குங்க. அடைமழைக்கு மறுநாளும், டேங்கர் லோடு இறக்கிட்டு இருக்குறப்பவும் முடிஞ்சா வேற பங்க் பாருங்க. வண்டி நின்னா ரெண்டு கண்ணாடி பாட்டில்ல சாம்பிள் எடுத்து, சாட்சி வெச்சு சீல் பண்ணி, ஒர்க்‌ஷாப்ல "எரிபொருளில் தண்ணீர்"னு எழுதி வாங்குங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் வருஷச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வாங்கின பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது. ஒரு டேங்க் பெட்ரோலுக்கு அந்த அளவு விலை இன்னும் வரலை :-)

அடுத்த தடவை பங்க்குக்குப் போறப்போ "அண்ணே, இன்னிக்கு டிப்ல தண்ணி எவ்ளோ இருந்துச்சு?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. நாலு பேர் கேட்டா முறைப்பாங்க, நானூறு பேர் கேட்டா எழுதி வெச்சுத்தான் ஆகணும்.

பி.கு.: பெட்ரோலை நீங்களே வாயால உறிஞ்சி டியூப் போட்டு எடுக்கறேன்னு கிளம்பிடாதீங்க. அது தெரிஞ்ச மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. நெருப்பு, செல்போன் எதுவும் பக்கத்துல வேணாம்.